வயிறு சரியில்லை என்றேன், ஒருவரும் நம்பவில்லை

ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு ஒரு தை மாதம், கன்னிவாடிக்குப் பக்கத்தில் என் தங்கை வீட்டாரின் குலதெய்வக் கோவிலில் நடந்தது இது. தங்கை மகளுக்குக் காதுகுத்து. நான்தான் தாய்மாமன்.

விஷயத்துக்குள் போகும் முன் என் வயிற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்போதெல்லாம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் எனக்கு ஓட வேண்டியிருக்கும். பஸ்ஸில் ஏறினால் படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்தான். திண்டுக்கல்லில் எந்தக் கடைக்குப் பின்னால் கழிப்பறை இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்காரர் நான் தூரத்தில் வேகமாக வருவதைப் பார்த்தாலே வாளியில் தண்ணீரைத் திறந்துவிடுவார். ஸ்கேன், டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். பயப்பட ஒன்றுமில்லாத வயிறுதான், ஆனால் என்னை ஓட விட்டது.

கடைசியில் வத்தலக்குண்டில் ஓர் ஆயுர்வேத டாக்டரம்மாவிடம் போனேன். ரிப்போர்ட்டுகளையெல்லாம் பொறுமையாகப் படித்தவர், கிரகணி என்று அதற்கு ஒரு பெயர் சொன்னார். மோரில் கலந்து குடிக்க ஒரு சூரணம், சாப்பாட்டுக்குப் பின் ஓர் அரிஷ்டம். குழைந்த சோறு, வெண்ணெய் எடுத்த மோர், சுண்டை வற்றல், மாதுளை. கறி, மிளகாய், பரோட்டா, டீ எதுவும் கூடாது. திண்டுக்கல்காரனிடம் பிரியாணியைத் தொடாதே என்று சொல்ல அவருக்கு எப்படித்தான் மனசு வந்ததோ! ஆனால் ஒரு மாதத்தில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பயணம் செய்தேன். வத்தலக்குண்டு ரோட்டில் அத்தனை தென்னந்தோப்பு இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

இந்த நேரத்தில்தான் காதுகுத்து வந்தது. சாதாரண விருந்தென்றால் நழுவியிருப்பேன். ஆனால் நாகல் நகரில் என் புது வீட்டுப் பால்காய்ச்சின்போது, பந்தி விசாரித்த உறவுக்காரர் ஒருவர் என் தங்கை கணவரை உட்கார்ந்த இலையிலிருந்து எழுப்பி, அதில் வேறொருவரை உட்கார வைத்துவிட்டார். மாப்பிள்ளை சாப்பிடாமலே கிளம்பிப் போனார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. மூன்று வருடம் தங்கை யார் யார் காலிலோ விழாத குறையாகப் பேசி, இந்தக் காதுகுத்தில் எங்களை ஒட்டவைக்கப் பார்த்தாள். அவளிடம் என் வயிற்றுக் கதையைச் சொல்ல வெட்கம். எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று பையில் சூரணப் பொட்டலத்தோடும் மோர் பாட்டிலோடும் போய் இறங்கினேன்.

என் மடியில் குழந்தையை வைத்துக் காது குத்தினார்கள். அது வீறிட்ட வேகத்தில் என் பட்டு வேட்டி நனைந்தது. அவ்வளவு காலத்தில் என்னை முந்திக்கொண்ட ஒரே ஆள் அவள்தான்.

பிறகு பந்தி. தாய்மாமன் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். முதல் இலையில் என்னை உட்கார வைத்து, மாப்பிள்ளையே பிரியாணி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் இரண்டு கையாலும் இலையை மூடினேன்.

"வேணாம் மாப்ள... வயிறு சரியில்ல."

சொன்ன பிறகுதான் உறைத்தது. கோபக்காரர்கள் சாப்பிடாமல் எழுந்து போகும்போது வழக்கமாகச் சொல்கிற சாக்கு அது. மாப்பிள்ளையின் முகம் கறுத்துவிட்டது.

"அன்னைக்கு நான் சாப்பிடாம வந்ததுக்கு இன்னைக்குக் கணக்குத் தீக்கிறீகளாக்கும்?"

"அண்ணே, ஒரு வாயாச்சும் சாப்பிடுண்ணே" என்று தங்கை கெஞ்சினாள். பந்தி மொத்தமும் என்னையே பார்த்தது. சாப்பிட்டால் வயிறு போகும், சாப்பிடாவிட்டால் தங்கை வீடே போகும். இருந்த வெட்கத்தையும் விட்டுவிட்டு, பொட்டலத்தையும் பாட்டிலையும் எடுத்து இலையில் வைத்தேன். பஸ் படிக்கட்டு சீட், கழிப்பறைக்காரர், வாளி, டாக்டரம்மா என ஒன்று விடாமல் சத்தமாகச் சொன்னேன். விருந்தில் உட்கார்ந்து சொல்லக்கூடிய கதையா அது!

மாப்பிள்ளைக்குத்தான் முதலில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அடப் பாவி மச்சான்! இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"எப்படி மாப்ள சொல்ல? பத்திரிகை அடிச்சா?"

அவர் வாளியை வைத்துவிட்டுச் சமையல்காரரிடம் ஓடினார். ஒரு சின்னச் சட்டியில் தண்ணீர் கூடுதலாக ஊற்றி எனக்கென்று சோறு வைக்கச் சொன்னார். அது வேகும்வரை பந்தியில் ஒருவரும் கை வைக்கவில்லை. பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. அத்தனை பேரின் வயிற்றெரிச்சலும் என் வயிற்றில் வந்து சேரப்போகிறது என்று நடுங்கினேன். எதிர் இலைக்காரர் மட்டும், "ஏலே, அவசரப்படாம நல்லாக் குழைய விடுங்கப்பா. நாங்க எங்க போகப்போறோம்" என்றார்.

சோறு வந்தது. மாப்பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் இலையிலும் அதையே போடச் சொன்னார். பிரியாணி என்றால் உயிரை விடுகிற மனிதர், உப்புப் போட்ட மோர்ச்சோற்றை முகம் சுளிக்காமல் பிசைந்து சாப்பிட்டார். தங்கை தூணோரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

இப்போது அவர்கள் திருப்பூரில். குழந்தைக்கு என் வயிற்றுக் கதை மனப்பாடம். மோர் மட்டும் எனக்கு நிரந்தரமாகிவிட்டது. எப்போதாவது நாலு வாய் பிரியாணிக்கும் வயிறு சம்மதிக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ விருந்துகளில் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் என் ஒருவனுடைய சோறு வேகட்டும் என்று ஒரு பந்தியே பசியோடு காத்திருந்த அந்த மதியத்தை நினைத்தால், இன்றும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.