ரோஸ்லியின் கேள்வி

ரோஸ்லி இருந்தாள், டெய்சி இருந்தாள், பாத்திமா இருந்தாள், நான் இருந்தேன், சார் இருந்தார். இன்று மகளின் பள்ளியில் ஈரச் சாக்பீஸ் மணம் மூக்கில் ஏறியதும், கடல் கொண்டுபோன எங்கள் இனயம் ஊரின் ஓலைக்கூரை வகுப்பு நினைவில் வந்தது. அங்கே ஒருநாள், ஆட்டை விற்ற ஒருத்தியின் கதையை மறுநாள் வகுப்பில் பேச, ஆளுக்கொரு கேள்வியைப் பலகையில் எழுதச் சொன்னார் சார்.

"ஆடு என்ன நிறம்?" என்று எழுதினேன். "விற்ற பிறகும் கயிற்றை ஏன் வைத்திருந்தாள்?" என்று எழுதினாள் ரோஸ்லி.

"ஏட்டி, நாளைக்கு இதுல தொடங்குவோம்" என்றார் சார் அவளிடம்.

"ஒனக்க கேள்வி, கறுப்புன்னு சொன்னா தீந்துச்சு மக்கா" என்று ரோஸ்லி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எல்லோரும் போனபின் ஈரத்துணியால் அவளுடையதை மட்டும் துடைத்தேன்.

மிச்சம் மூன்று கேள்வி.