மஞ்சளும் உப்பும் போட்ட மீன்

என் மகள் பால்குடி மறந்த புதிதில் சோறு தின்றது எனக்காக அல்ல, ஒரு கெண்டை மீனுக்காக. ராஜபாளையத்தில் எங்கள் புழக்கடைத் தொட்டியில், கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கண்மாயிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன். அதற்கு ஒரு பருக்கை போட்டால்தான் அவள் ஒரு வாய் வாங்குவாள். மீன் மேலே வராவிட்டால் வாயே திறக்கமாட்டாள்.

ஒருநாள் நான் அவசரமாக வாளியை இறக்க, அது மீனின் விலாவைக் கிழித்துவிட்டது. இரண்டொரு நாளில் காயத்தின் மேல் வெள்ளையாகப் படர்ந்தது. எல்லாரும் முகம் சுளித்தார்கள். நான் மட்டும் மகிழ்ந்தேன். ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் கிருமியோடு சண்டை போடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவள் அல்லவா? படை வந்து இறங்கிவிட்டது என்று கணவரிடம் விளக்கினேன். அவர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

படை வந்தும் மீன் அடியிலேயே கிடந்தது. மகள் பட்டினி. படைக்குத் துணையாக மஞ்சளைக் கரைத்து ஊற்றினேன். போதாதோ என்று உப்பு. கூடிவிட்டதோ என்று பாதித் தண்ணீரை இறைத்தேன். குறைந்துவிட்டதோ என்று மறுபடி உப்பு. பார்த்துக்கொண்டே இருந்த என் நாத்தனார் நிதானமாகச் சொன்னாள்: "மஞ்சளும் உப்பும் போட்டாச்சு. செத்த நேரம் பொறுங்க மதினி, புளியக் கரைச்சிட்டு வாரேன்."

மகளுக்கு அம்மை குத்த ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது, டாக்டரம்மாவிடம் மீன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. வீட்டில் ஒரு சின்னவருக்கு விலாவில் காயம், வெள்ளை படர்ந்திருக்கிறது என்றேன். சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்டார். இல்லை. காய்ச்சல்? தொட்டால் சில்லென்றுதான் இருக்கிறது என்றேன். அவர் எழுந்தேவிட்டார்.

"சில்லுன்னு கெடக்கா? ஏம்மா தூக்கிட்டு வரல?"

என் இடுப்பிலிருந்த மகள்தான் பதில் சொன்னாள். "மீனு."

சிரித்து முடித்த பிறகு விளக்கினார். வெள்ளை அணு கண்ணுக்குத் தெரியாது. அது காயத்துக்கு வந்து கிருமியை விழுங்கி, தன்னிடமுள்ள என்சைம் என்ற சாற்றால் கரைத்துவிடும், நம் வயிறு சோற்றைச் செரிப்பதுபோல. மீனுக்கும் அது உண்டு. நான் படை என்று கொண்டாடியது அழுகிய தோலாக இருக்கும்.

"அது வேலைய அது பாக்கட்டும். நீங்க நல்ல தண்ணி மட்டும் மாத்துங்க."

தண்ணீரை மாற்றிவிட்டுச் சும்மா இருப்பது எனக்கு வராத வித்தை. நாத்தனார் அஞ்சறைப்பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டாள். ஒரு காலையில் வெள்ளை உதிர்ந்து, மீன் பருக்கைக்கு மேலே வந்தது. மகள் வாயைத் திறந்தாள். இரண்டு பேரும் போட்டி போட்டுத் தின்றார்கள். இத்தனை வேகமாகத் தின்றால் செரிக்குமா என்று நான் கவலைப்பட ஆரம்பித்தேன்.