நாற்பத்தாறு கஜம்

ஓரின் ஸ்டேக்போலை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘முப்பது’ என்பார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். இருபத்திரண்டு வருஷமாக ஒஹையோவின் அந்த மேட்டு ரோடுகளில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. வாய் மட்டும் சும்மா இருக்காது. அக்டோபரில் வில்வேட்டை தொடங்கிவிட்டால் காபிக்கடையில் ஒருத்தரையும் விடமாட்டார்.

“குறுக்குவில்லு துப்பாக்கி இல்லய்யா. முப்பது கஜம்! அதுக்கு மேல அம்பு விட்டா நீ வேட்டைக்காரன் இல்ல, கொலைகாரன்.”

மனுஷன் சொல்வது நியாயம்தான். தினமும் சொன்னால் யார் பொறுப்பார்கள்? அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

அந்த அக்டோபரின் கடைசி சனிக்கிழமை, காலை எட்டு மணி. மூன்று வருஷமாக அவருக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த பத்துக் கிளைக் கொம்புக் கலைமான், மரத்தில் அவர் கட்டியிருந்த பரணுக்கு எதிரே வந்து நின்றது. தூரம் பார்க்கும் கருவி நாற்பத்தாறு கஜம் என்றது. கிட்டே வரட்டும் என்று காத்திருந்தார். அது திரும்பிப் போகப் பார்த்தது. கை முந்திக்கொண்டது. அம்பு போய்ச் சேருவதற்குள் மான் ஓரடி எடுத்து வைத்துவிட்டது. முதுகை வளைத்துக்கொண்டு மெல்லப் புதருக்குள் போனது.

இறங்கிப் போய் அம்பை எடுத்தார். ரத்தத்தோடு பச்சையாக என்னவோ, குடலின் நாற்றம். வயிற்றில் அடிபட்ட மானை எட்டு மணி நேரம் விட்டுவிட வேண்டும். கிட்டத்திலேயே படுத்து உயிரை விடும். விரட்டினால் எங்கோ போய் நாள்கணக்கில் சாகும். காபிக்கடையில் இதையும் சொன்னவர் அவர்தான்.

ஆனால் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை ரத்தத் தடத்தைக் கழுவிவிடுமே என்ற பதற்றத்தில் வேடா கெசிங்கருக்கு போன் போட்டார். எழுபது வயது விதவை. அடிபட்ட மானை மோப்பம் பிடிக்கும் குட்டைக்கால் நாய் ஒன்று வைத்திருந்தாள், பெயர் பிக்கிள்.

“எத்தன கஜம்ப்பா?” என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

“முப்பது.” பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது.

“எங்க பட்டுச்சு?”

முப்பதில் அடித்த முப்பது, வயிற்றில் பட்டது என்று எப்படிச் சொல்வார்? “தோளுக்குப் பின்னால. நெஞ்சுல.”

“அப்ப செத்திருக்கும். இதோ வந்துட்டேன்.”

அவள் வருவதற்குள் அம்பை இலைகளால் துடைத்தார். அவரை எனக்குப் பிடிக்கும், ஆனாலும் அந்த வேலையை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

பிக்கிள் நேராக முள்புதருக்குப் போனது. படுத்திருந்த மான் எழுந்தது, அவரைப் பார்த்தது, ஓடையைத் தாண்டி மேட்டில் ஏறி மறைந்தது. பின்னாலேயே மழை கொட்டியது. நாய் ஓடைக்கரையில் சுற்றிச் சுற்றி வந்து உட்கார்ந்துவிட்டது.

வேடா கையை நீட்டினாள். “அம்ப குடு.” இறகை மோந்து பார்த்தாள். “ஓரின், எத்தன கஜம்?”

அவள் வாயில் தன் பெயரைக் கேட்டதும் உண்மை தானாக வந்துவிட்டது. “நாப்பத்தாறு. வயித்துல.”

“காலைலயே சொல்லியிருந்தா, சாயங்காலம் வர்றேன்னு நான் பாட்டுக்கு வீட்ல உக்காந்திருப்பேன். அதுவும் அங்கேயே நிம்மதியா போயிருக்கும்ப்பா.”

ஈர மண்ணில் உட்கார்ந்து அழுதார். அவள் திட்டவில்லை. பிக்கிளின் கயிற்றை அவர் கையில் கொடுத்து, “வா, இருட்டுறவரைக்கும் பாப்போம்” என்றாள்.

கிடைக்கவில்லை. அடுத்த ஒரு வாரம், பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து தனியாகத் தேடினார். அப்போதும் இல்லை. வேடா யாரிடமும் மூச்சுவிடவில்லை. அந்த வாரம் முடிந்த திங்கட்கிழமை காபிக்கடையில் அவரே எழுந்து நின்று, தூரத்தையும் பொய்யையும் துடைத்த அம்பையும் சேர்த்துச் சொன்னார்.

கசாப்புக்காரர் டார்வின்தான் முதலில் கேட்டார். “அப்ப இனிமே உன்ன நாப்பத்தாறுன்னு கூப்பிடலாமாய்யா?”

“கூப்பிடு.”

வருஷத்துக்கு ஆளுக்கு ஒரு கலைமான் என்பது அங்கே சட்டம். கைக்குக் கிடைக்காத மான் அதில் சேராது. அவருடைய அனுமதிச் சீட்டு செலவாகாமல் அப்படியே இருந்தது. அவர் வில்லைக் கொட்டகையில் மாட்டிப் பூட்டினார்.

நவம்பர் நடுவில் ஒரு காலை, வீட்டு ஆப்பிள் மரத்தடியில் ஒரு கலைமான் நின்று உதிர்ந்த பழம் தின்றுகொண்டிருந்தது. எட்டுக் கிளைக் கொம்பு. அவர் மனைவி நோலா சமையலறை ஜன்னலில் நின்று கிசுகிசுத்தாள்.

“ஏய் முப்பது! இருபது கஜம்கூட இல்லய்யா. சாவி எங்க?”

அவர் காபியோடு வந்து அவள் பக்கத்தில் நின்றார். மான் நிதானமாக இன்னொரு பழத்தைக் கடித்தது.

“என்னோட மான நான் கொன்னாச்சு, நோலா,” என்றார். “சத்தம் போடாத, அது தின்னட்டும்.”