பஞ்சர் மாமாவின் லாரி

வாயைப் பிடுங்குவதுதான் எங்கள் தொழில். மொபைல் விளையாட்டை இறக்கி, கொஞ்ச நாள் ஆடிவிட்டு, அழித்துவிட்டுப் போகிறவர்களை அழைத்து "ஏன் போனீங்க?" என்று கேட்பது. இதற்கு ஒரு மாடி, பல்லைக் கிட்டவைக்கும் ஏசி, வரிசையாக நாற்காலிகள், நாற்காலிக்கு ஒரு ஹெட்செட். எதிர்முனையில் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். பாதிப் பேர் நம் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவார்கள். மீதிப் பேர் பொய் சொல்வார்கள்.

"போன்ல எடம் இல்லைங்க" என்பதுதான் எல்லோருக்கும் முதலில் வாயில் வரும் பதில். அதை அப்படியே எழுதிக்கொண்டு போகிறவன் இந்த வேலைக்கு லாயக்கில்லை. நாம் பேசாமல் இருந்தால் போதும், அடுத்த பதில் தானாக வரும். விளம்பரத்தில் கோட்டை கட்டுவதாகக் காட்டினார்கள், இறக்கிப் பார்த்தால் மிட்டாய் அடுக்கச் சொல்கிறார்கள் என்று ஒருத்தன் சண்டைக்கு வந்தான். அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது வராந்தாவில் உட்கார்ந்து ஆடியது, இப்போது அந்த இசையைக் கேட்டாலே ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது என்றாள் ஒரு பெண். காதலி சொல்லி இறக்கினான், காதலி போனதும் அழித்தான் என்று வருகிறவர்களுக்குக் கணக்கே இல்லை. விளையாட்டு பிடிக்காததால் விட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதை மேலே சொன்னால், மேலே இருப்பவர்கள் பொத்தானின் நிறத்தை மாற்றுகிறார்கள்.

என் பக்கத்து நாற்காலிக்காரிக்கு நாங்கள் வைத்த பெயர் ஐஸ். ஆளுக்கு ஐஸ் வைத்துப் பேசுகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். யார் எப்படித் திட்டினாலும் அவள் குரல் ஏறாது, இறங்காது. கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தவன்கூடக் கடைசியில் சொந்தக் கதையை அவிழ்த்துவிட்டுத்தான் போனை வைப்பான். வீட்டிலும் இதே குரல்தானாம். "உனக்கு அழுகையே வராதா?" என்று ஒருநாள் கேட்டேன். "வந்தா அழலாம்," என்றாள். "வரமாட்டேங்குது."

வீட்டில் அம்மா, அவள், தம்பி. தம்பி ஒரு கிடங்கில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஆள்குறைப்பில் அவனையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். வந்தவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் சாப்பாட்டுத் தட்டு உள்ளே போகும், காலியாக வெளியே வரும், பேச்சு மட்டும் வராது. அம்மா கதவுக்கு வெளியே நின்று கெஞ்சினார், திட்டினார், பிறகு ஓய்ந்துபோனார். உள்ளே போன் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

அவன் ஆடியது ஒரு லாரி விளையாட்டு. முடிவில்லாத நெடுஞ்சாலை, இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை, சரக்கை ஏற்றிக்கொண்டு ஓட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். ஜெயிக்கவும் முடியாது, தோற்கவும் முடியாது. கூட ஓட்டுகிறவர்களோடு எழுத்தில் பேசலாம். எங்கள் அலுவலகம் எடுத்துச் செய்யும் விளையாட்டுகளில் அதுவும் ஒன்று என்பதால் ஐஸுக்கு அதன் சந்துபொந்தெல்லாம் தெரியும். ஒருநாள் அவளும் இறக்கினாள். பள்ளி நாளிலிருந்து தம்பி எதற்கும் ஒரே பட்டப்பெயரைத்தான் வைப்பான், அதனால் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருக்கும் வயதான ஆள் என்று சொல்லிக்கொண்டு, 'பஞ்சர் மாமா' என்ற பெயரில் அவன் லாரிக்குப் பின்னால் ஒரு லாரியை ஓட்டிக்கொண்டு போனாள்.

அக்காவிடம் "ம்" என்றுகூடச் சொல்லாதவன் பஞ்சர் மாமாவிடம் கொட்டித் தீர்த்தான். ரூம்ல டியூப்லைட் விட்டு விட்டு எரியுது மாமா, கண்ணு வலிக்குது. சாப்பாட்டுல உப்பே இல்ல மாமா, எங்க அக்காவுக்குச் சமையல் வரவே வராது. இடைவேளையில் இதையெல்லாம் அவள் எனக்குப் படித்துக் காட்டுவாள், செய்தி வாசிப்பது மாதிரி. "என் சமையலப் பத்தி எங்கிட்டயே புகார் சொல்றான் பாரு," என்றாள். சிரித்தாளா என்றால், உதடு கொஞ்சம் நகர்ந்தது.

பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். எங்கள் தொழிலில் ஊறியவர்களுக்கு மட்டும் வரும் புத்தி அது. ஒரு குறையைக் காதில் போட்டுவிட்டால் கை சும்மா இருக்காது. தம்பி குளிக்கப் போன நேரத்தில் டியூப்லைட்டை மாற்றினாள். உப்பைக் கூட்டினாள். ஜன்னலுக்கு வெளியே குரைத்துக்கொண்டிருந்த நாயை, எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லி வேறு பக்கம் கட்ட வைத்தாள்.

"போதும் விடு, வசமா மாட்டிக்கப் போற," என்றேன்.

"குறை சொன்னா சரிபண்ணணும்ல," என்றாள்.

அந்த வாரமே தம்பியின் லாரியைக் காணோம். பெயரைத் தட்டினால் அப்படி ஒரு ஆளே இல்லை என்றது. உள்ளே போன் சத்தம் நின்றதில் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பையன் திருந்திவிட்டான் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். ஐஸ் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் வாயத் தொறந்து பேசின ஒரே எடம் அதுதான்," என்று என்னிடம் சொன்னாள். "இனிமே யார்கிட்ட பேசுவான்னு தெரியல." அதையும் அதே குரலில்தான் சொன்னாள். கேட்ட எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்கு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

எங்கள் திரையில் எண்கள் தாமாக வந்து விழும். தெரிந்தவர் எண் வந்தால் பக்கத்து நாற்காலிக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. ஒரு முற்பகலில் ஐஸ் ஒன்றும் சொல்லாமல் ஒரு எண்ணை என் பக்கம் தள்ளினாள். புது ஆட்களைப் பழக்குவதற்கென்று இருக்கும் இரண்டாவது ஹெட்செட்டை எடுத்து, என் போனில் செருகி, காதில் மாட்டிக்கொண்டு என் மேசையருகே வந்து நின்றாள். யாருடைய எண் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவன் எடுத்தான்.

"வணக்கம் சார், லாரி விளையாட்டிலேருந்து பேசறோம். ஏன் அழிச்சீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"போன்ல எடம் இல்ல."

நான் பேசாமல் இருந்தேன். அவனும் வைக்கவில்லை.

"அங்க ஒருத்தர் இருந்தார்," என்று ஆரம்பித்தான். "பஞ்சர் மாமான்னு. வெளி ஆளுன்னு நெனச்சுத்தான் எல்லாத்தையும் சொன்னேன். நான் சொன்னதெல்லாம் வீட்ல நடக்க ஆரம்பிச்சுது. லைட்டு மாறுது, நாய் எடம் மாறுது. அது எங்க அக்கா."

அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே குரல் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அதனால கோபமா சார்?"

"கோபம் இல்லைங்க. அதுக்கு முன்னாடி ஒருநாள் மாமா சொன்னார். வீட்ல ஒரு பாரம் இருக்கு தம்பி, எறக்கவும் முடியல, ஏத்திக்கிட்டு ஓட்டவும் முடியல, எல்லாத்தையும் போட்டுட்டு எங்கயாவது போயிடலாம் போல இருக்குன்னு. போயிடுங்க மாமான்னு நான்தான் சொன்னேன். என்ன பாரம்னு கேக்கக்கூட இல்ல. யாருன்னு தெரிஞ்சப்புறம், பாரம் எதுன்னும் தெரிஞ்சுபோச்சு."

ஐஸ் இதை மட்டும் எனக்குப் படித்துக் காட்டியதில்லை. நான் அவள் பக்கம் திரும்பவில்லை, திரும்பும் தைரியம் எனக்கு இல்லை. திரையில் இருந்த அடுத்த கேள்வியைக் கேட்டேன், வேறென்ன செய்வது?

"நீங்க திரும்ப வர நாங்க என்ன செய்யணும் சார்?"

"எங்க அக்காவும் இதே வேலைதான் பாக்கறாங்க," என்றான். "பக்கத்துல இருக்காங்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். ஐஸ் தலையை ஆட்டவும் இல்லை, கண்ணைக் காட்டவும் இல்லை.

"இருக்காங்க," என்றேன்.

"அப்ப அவங்களையே கேக்கச் சொல்லுங்க."

அவள் ஹெட்செட்டின் மைக்கைத் திறந்துவிட்டேன். தம்பி பெயரைச் சொல்லப் போகிறாள், அழப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன்.

"வணக்கம் சார்," என்றாள். "நீங்க சொன்னதுல மாமாவுக்கு வருத்தம் இல்ல சார்."

"அவர் போயிட்டாரா மேடம்?"

"இல்ல சார். கடையிலதான் இருக்கார்."

"போகணும்னு இன்னும் தோணுதா அவருக்கு?"

மேசை விளிம்பை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"சில நாள் தோணும் சார்."

"எனக்கும் மேடம்," என்றான் தம்பி.

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. யாரும் வைக்கவும் இல்லை. மேற்பார்வையாளர் இரண்டு வரிசை தள்ளி நின்று, இவ்வளவு நேரமா என்று கையைக் காட்டினார். அழைப்பை வெட்டாமல் நான் எழுந்து போய் ஐஸின் நாற்காலியில் உட்கார்ந்து, அவளுக்கு வந்து நின்ற அடுத்த எண்ணை அழைத்தேன்.