கையா காலா

என் மருமகன் வேம்புலி எந்த வீட்டுக்குள்ளும் குனியாமல் நுழைந்ததில்லை. ஆறடி இரண்டங்குலம். பாரிவாக்கத்தில் அவன் அப்பனும் குள்ளம், ஆத்தாளும் குள்ளம். இவன் மட்டும் எப்படி வளர்ந்தான் என்று பெண் பார்க்க வந்த அன்றே கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துல பாஸ்கெட் பாலுக்கு சேத்துகினாங்க அத்தே. அதுக்கப்பறம் நிக்கவே இல்ல, வளந்துகினே போனேன்" என்றான்.

பொய்தான். வளர்ந்தவனைப் பார்த்துத்தான் சேர்த்திருப்பார்கள். ஆனாலும் அந்தப் பொய் எனக்குப் பிடித்தது. என் மகள் பத்மாவைக் கொடுத்தேன்.

அந்தப் பந்து அவனுக்குச் சோறு போடவில்லை. ஆவடியில் ஒரு கிளப்புக்கு நாலு வருஷம் ஆடினான். ரயில்வேயில் எடுப்பார்கள், போலீசில் எடுப்பார்கள் என்று இருந்தான். ஒருத்தரும் எடுக்கவில்லை. திருமழிசை எஸ்டேட்டில் பவர் பிரஸ் ஓட்டப் போனான். தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி அடிக்கும். கார் கதவுக்குப் போகிற ஏதோ ஒரு துண்டு வெளியே விழும். ஷிப்டுக்கு இத்தனை துண்டு என்று கணக்கு. பதினோரு வருஷம் அதே மிஷின்.

அங்கே மிஷின் பழுது பார்க்கிறவன் டேனி. திருநின்றவூர்ப் பிள்ளை. வேம்புலிக்குப் பாஸ்கெட் பால் என்றால் டேனிக்குக் கால்பந்து. அவனுக்கு ஒரு ஞாபகசக்தி இருந்தது, நான் எங்கும் பார்த்ததில்லை. எந்த வருஷம், எந்த ஆட்டம், எத்தனையாவது நிமிஷத்தில் எவன் கோல் போட்டான் என்று கேட்டால், அன்றைக்கு அங்கே மழை பெய்ததா என்பதையும் சேர்த்துச் சொல்வான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடித்து நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருவான். மீன் குழம்பு கொதிக்கிற சத்தத்தைவிட இவர்கள் சத்தம் பெரிதாக இருக்கும்.

"கைல புடிச்சிகினு போடறதுக்கு இன்னா மாமே வித்த வேணும்? நம்ம ஆயாவே போட்டுடும்" என்று டேனி என்னைக் காட்டுவான்.

"அவங்கள இழுக்காதடா. உங்காளுங்க தொண்ணூறு நிமிசம் பஸ்ஸ உட்டவன் மாரி ஓடறானுங்க. கடைசில பாத்தா சைபருக்கு சைபரு."

"ஒண்ணு போட்டா போதும், ஊரே எந்திரிச்சு நிக்கும். உன் ஆட்டத்துல நூறு போட்டாலும் சோளப்பொரி துன்னுகினு கீறான்."

இந்தச் சண்டையை அப்படியே போனில் பிடித்து இருவரும் ஒரு சேனல் ஆக்கினார்கள். அதற்குப் பேர் 'கையா காலா'. ஆயிரத்து இருநூறு பேர் கேட்டார்கள். சும்மா சண்டைக்காக மட்டும் இல்லை. அதில் ஒரு விளையாட்டு உண்டு. எந்தெந்த ஊர் ஆட்டக்காரர்களிலோ பொறுக்கி நாமே ஒரு டீம் சேர்க்க வேண்டும். அவர்கள் அங்கே நிஜமாக ஆடுகிற ஆட்டத்தைப் பொறுத்து இங்கே நமக்குப் புள்ளி. அமெரிக்காவில் ஒருத்தன் முட்டி வலி என்று உட்கார்ந்தால் அம்பத்தூரில் ஒருத்தன் தலையில் கை வைப்பான். பணம் கட்டி ஆடுவதைச் சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். இவர்கள் வெறும் புள்ளிக்காக ஆடினார்கள். யாரைச் சேர்க்கலாம், யாரை விடலாம், ஏன் என்று வேம்புலி பாஸ்கெட் பாலுக்குச் சொல்வான், டேனி கால்பந்துக்குச் சொல்வான். மிஷின் முன்னால் வாயே திறக்காத என் மருமகனை ஆயிரத்து இருநூறு பேர் 'தல' என்றார்கள். அது அவனுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும்.

இனி போன் விஷயம். இதைக் கவனமாகக் கேளுங்கள், எல்லாம் இதில்தான் இருக்கிறது.

அமெரிக்க ஆட்டம் நமக்குக் காலையில் நடக்கும். கடைசி ஆட்டம் ஒன்பது மணிக்குத் தொடங்கினால், அதற்கு முன்னால் டீமைச் சொல்லியாக வேண்டும். தொடங்கிவிட்டால் ஆளை மாற்ற முடியாது. யாருக்கு உடம்பு சரியில்லை என்பதோ அரை மணி முன்னால்தான் தெரியும். வேம்புலிக்கு ஆறு மணி ஷிப்ட். அவன் போனைக் கம்பெனிக்குக் கொண்டுபோகவே மாட்டான். ஏன் என்று கேட்டேன்.

"அந்த மிஷின்ல ரெண்டு பட்டன் கீது அத்தே. ரெண்டு கையையும் ரெண்டு பட்டன்ல வெச்சாதான் அச்சு எறங்கணும். அப்பதான் கை உள்ள போவாது. இவங்க ஒரு பட்டன டேப்பு போட்டு அமுக்கி வெச்சிட்டானுங்க. ஒரு கைல தகடு வெக்கணும், ஒரு கைல அமுக்கணும். சீக்கிரம் ஆவுதாம். கண்ணு அங்கயே இருக்கணும். போன் பாக்கெட்டுல கீதுன்னாலே மனசு அதுங்கிட்ட ஓடும்."

"டேப்ப அவுக்கச் சொல்லேன்."

"போட்டதே டேனிதான். இன்சார்ஜி சொன்னாரு, அவன் போட்டான். அடுத்த மாசம் அவன பர்மனென்ட் பண்றாங்க, இப்ப போய் இன்னா சொல்றது?"

ஆகவே போன் வீட்டில் இருக்கும். பத்மா ஏழு மணிக்கே தையல் கம்பெனிக்குப் போய்விடுவாள். நான்தான் மிச்சம். என் கட்டைவிரல் ரேகையைப் போனில் ஏற்றி வைத்தான். நான் விரல் வைத்தால் திறக்கும். விடிவதற்குள் இரண்டு டீமைத் தன் குரலில் போனில் பேசிப் பதிந்து வைத்துவிட்டுப் போவான். ஒன்று, ஏழடி உயரத்தில் ஒருத்தன் இருக்கிறான், அவன் ஆடினால். அவன் பேர் என் வாயில் நுழையாது, அதனால் எங்களுக்கு அவன் பனைமரம், சேனலிலும் அந்தப் பேரே நின்றுவிட்டது. இன்னொன்று, பனைமரம் ஆடாவிட்டால். எட்டரை மணிக்கு மேல் நான் பார்க்க வேண்டும். பனைமரத்தின் படத்துக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி என்றால் முதல் பேச்சை அனுப்ப வேண்டும், சிவப்பு என்றால் இரண்டாவதை. எழுத்துத் தெரியாதவளுக்கு வண்ணம் தெரியாமல் போகுமா? ஒரு நாள்கூட நான் தவறவிட்டதில்லை.

மார்கழி பிறந்து நாலாம் நாள். சிவப்புப் புள்ளி. இரண்டாவதை அனுப்பினேன். அப்போது மணி எட்டு நாற்பது என்று பிறகுதான் சொன்னார்கள். அடுப்பில் உலையைப் பார்த்துவிட்டு வருவதற்குள் போன் அடித்தது. டேனியின் படம். விரல் வைத்து எடுத்தேன்.

"ஆயா, டேனி பேசறேன். பத்மா நம்பர் என்னாண்ட இல்ல. மாமேக்கு கை மாட்டிகிச்சு. பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறாங்க, நீங்க கெளம்பி வந்துருங்க."

"எந்தக் கை?"

"வலது கை ஆயா." அழுதான். "டேப்ப நான் அப்பவே அவுத்திருக்கணும், ஆயா."

பந்து போடுகிற கை. கட்டைவிரல் தவிர நாலும் போய்விட்டது.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் பத்மா. இந்த இடத்தில் 'விபத்து' என்று போட்டிருப்பதாகப் படித்துக் காட்டினாள். அடித்துவிடு என்றேன். டேப் ஒட்டி வைத்த மிஷின் விரலைத் தின்றது என்றால் அது விபத்து இல்லை.

ஆஸ்பத்திரியில் அவன் மயக்கம் தெளிந்து படுத்திருந்தபோது போனில் சத்தம் வந்துகொண்டே இருந்தது. பத்மா எடுத்துப் படித்தாள். "தல, பனமரம் அவுட்டுன்னு கரெக்டா சொன்ன. நீ தெய்வம்" என்று எழுதியிருந்தார்கள். அன்றைக்கு அவன் சொன்ன டீம்தான் ஜெயித்ததாம்.

பன்னிரண்டாம் நாள் கம்பெனியில் கூப்பிட்டார்கள். மூவரும் போனோம். ஜானகிராமன் என்று ஒரு ஆபீசர். தண்ணீர் கொடுத்தார், நாற்காலி போட்டார், மரியாதைக்குக் குறைவில்லை. பிறகு சொன்னார்.

"எட்டு நாப்பதுக்கு மிஷின் இறங்கியிருக்கு. அதே எட்டு நாப்பதுக்கு உங்க சேனல்ல உங்க குரல் போயிருக்கு. நாங்க என்ன நினைக்கிறது, வேம்புலி?"

"போன் என்னாண்ட இல்ல சார். ஊட்ல இருந்துச்சு. எங்க அத்தைதான் அனுப்பனாங்க."

அவர் என்னைப் பார்த்தார். தலை நரைத்தவள், காதில் தண்டட்டி போட்ட ஓட்டை தொங்குகிறவள். "பாட்டிம்மா பாஸ்கெட் பால் டீம் அனுப்பினாங்களா?" என்றார். வாசலில் நின்ற இன்சார்ஜ் சிரித்தான்.

நான் போனை வாங்கி விரலை வைத்துத் திறந்து காட்டினேன். பச்சை, சிவப்பு எல்லாம் சொன்னேன். அவர் கிண்டலை நிறுத்தினார், ஆனால் மசியவில்லை.

"உங்களால திறக்க முடியும்னுதாம்மா இது காட்டுது. அன்னிக்கு நீங்கதான் திறந்தீங்கன்னு இல்லையே."

"அஞ்சு நிமிசம் கழிச்சு டேனி இந்தப் போனுக்குத்தான் கூப்ட்டான். நான்தான் எடுத்தேன். அதுலயே கீதே, பாருங்க."

பார்த்தார். "கூப்ட்டது இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போற வண்டில கூட இருந்தவங்க எடுத்திருக்கலாமே. எடுத்தது யாருன்னு கூப்ட்டவர்தான் சொல்லணும்."

அதுவும் நியாயம்தான். அவனைக் கூப்பிடுங்கள் என்றேன். எனக்கு அப்போது நெஞ்சு லேசாகிவிட்டது. உலகத்தில் எவனுக்கு மறந்தாலும் அவனுக்கு மறக்காது.

டேனி வந்தான். என்னைப் பார்க்கவில்லை, கட்டுப் போட்ட கையையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான். போன் காரணம் இல்லை என்று ஆகிவிட்டால் வேறு எது காரணம் என்று கேள்வி வரும். டேப் வரும். ஒட்டியவன் பேர் வரும். வாசலில் இன்சார்ஜ் நின்றுகொண்டிருந்தான்.

"டேனி, அன்னிக்கு நீங்க கூப்ட்டப்ப யார் எடுத்தாங்க?"

"ஞாபகம் இல்ல சார்."

வேம்புலி அவனையே பார்த்தான். நிதானமாகக் கேட்டான்: "அன்னிக்கு மழ பேஞ்சுதாடா?"

ஆபீசர் போகலாம் என்றதும் டேனி போய்விட்டான்.

நான் டேப்பைச் சொன்னேன். "செக் பண்ணிட்டோம்மா, மிஷின்ல டேப் எதுவும் இல்லை" என்றார் ஆபீசர். பன்னிரண்டு நாளில் ஒரு டேப்பைப் பிய்க்க முடியாதா? சொல்லு மாப்ளே, ஒட்டினவன் பேரைச் சொல்லு என்று அவன் முழங்கையை இடித்தேன். அவன் எழுந்து கதவைப் பார்த்து நடந்தான்.

வெளியே வந்து திட்டினேன். "அவன் உன்ன உட்டான். நீ இன்னாத்துக்கு அவன மூடி வெக்கற?"

"சொன்னா அவன மட்டும்தான் வெளிய அனுப்புவாங்க அத்தே. போடச் சொன்னவன் உள்ளயேதான் இருப்பான்."

கையோடு ஒரு காகிதம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். போனைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தேன், தப்பு என்னுடையது என்று அதில் இருந்தது. ஒப்புக்கொண்டால் வாசலில் வாட்ச்மேன் வேலை. இல்லை என்றால் இனி வரவே வேண்டாம். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. போன் என் கையில் இல்லை என்று ஒரு வரி எழுதட்டும், வேலைகூட வேண்டாம் என்றான். அந்த வரியைத்தான் அவர்களால் எழுத முடியாது.

கையெழுத்துப் போட்டுவிடு என்று சொன்னது பத்மா. இதை எழுத அவளுக்கு மனசில்லை. எழுது என்றேன். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாலு விரல் இல்லாதவனை வேறு எந்தக் கம்பெனி எடுக்கும் என்று அவள் கேட்டது சரிதான். ஆனால் நான் கூடாது என்றேன், இன்றைக்கும் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் கம்பெனி ஆள் வீட்டுக்கே வந்தான். வேம்புலிக்கு வலது கையால் பேனா பிடிக்க முடியாது. வந்தவன் தன் பையிலிருந்து மை டப்பாவை எடுத்தான்.

"மாப்ளே, படிக்கத் தெரியாம நான் கைநாட்டு வெச்சிருக்கேன். படிச்சுப் பாத்துட்டு நீ வெக்கறியா?"

"பனமரத்துக்கு முட்டி வலிச்சா பெஞ்சுல உக்கார வெச்சு சம்பளம் குடுக்கறான் அத்தே" என்றான். "எனக்கு வாசல் கேட்டுதான்."

இடது கட்டைவிரலை வைத்தான். மையைத் துடைக்க நான்தான் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தேன். அவன் கையை நீட்டிக்கொண்டு சிறுபிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

சேனலில் ஒரு வாரம் "தல எங்க" என்று கேட்டார்கள். பிறகு கேட்கவில்லை. டேனியும் பேசவில்லை. அந்த மாசம் அவனைப் பர்மனென்ட் ஆக்கினார்கள்.

முதல் வாரம் வேம்புலியோடு நானும் போய்வந்தேன். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியையும் சோற்றுப் பையையும் பிடிக்க அவனுக்குப் பழகவில்லை. அப்போதுதான் பார்த்தேன். கம்பெனியில் புதுச் சட்டம் வந்திருந்தது. யாரும் போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது, வாசலில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பிரஸ் ஓட்டிய வேம்புலி போன் பார்த்துக் கையை விட்டதால் வந்த சட்டம் என்று போர்டில் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அந்தப் போர்டுக்குக் கீழே வேம்புலியே நின்றான். காக்கிச் சட்டை அவன் உயரத்துக்குப் போதவில்லை, இடுப்புக்கு மேலேயே நின்றது. வருகிறவர்கள் போனைக் கொடுப்பார்கள். இடது கையால் வாங்கி, அறை அறையாகப் பிரித்த இரும்புப் பெட்டியில் வைத்து, ஒரு பிளாஸ்டிக் வில்லையைக் கொடுப்பான். அதில் நம்பர் இருக்கும்.

வரிசையில் டேனி வந்தான். முகம் பாதியாகியிருந்தது. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டான்.

"மாமே, இன்னிக்கு பனமரம் ஆடறானா?"

பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். வேம்புலி இடது கையை நீட்டினான்.

"போன குடு."

கொடுத்தான். வேம்புலி அதை அறைக்குள் வைத்தான், வில்லையை எடுத்து அவன் உள்ளங்கையில் போட்டான்.

"பதினேழு" என்றான். "அடுத்த ஆளு வா."

டேனி உள்ளே போய்விட்டான். அந்த ஆஸ்பத்திரி நாளில் எனக்குக் கூப்பிட்ட போன் அதுதான். பதினேழாம் அறையில் தினமும் எட்டு மணி நேரம் கிடக்கிறது. பெட்டியின் சாவி என் மருமகன் இடுப்பில் தொங்குகிறது.