நாலு தொன் ஆளும் ஒரு தேங்காயும்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் இரண்டு பெரிய விசயங்கள் நடந்துகொண்டிருந்தன. ஒன்று, செவ்வாய்க்கிழமை வரவிருந்த மாமாவின் வழக்கு. அம்மாவின் தம்பியான அவர் இந்த நாட்டில் இருக்கலாமா, இல்லை இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட வேண்டியவரா என்று ஒரு நீதிபதி விசாரிக்கப்போகிறார். மற்றது, ஈஸ்டர் தீவின் கற்சிலைகளை நான் கண்டுபிடித்திருந்தேன். உலகம் அவற்றை எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டது என்பதை நான் பெரிதாக எடுக்கவில்லை. இரண்டில் எது பெரிய விசயம் என்று என்னைக் கேட்டிருந்தால் யோசிக்காமலே பதில் சொல்லியிருப்பேன்.

பள்ளிக்கூட நூலகத்துப் புத்தகமொன்றை மூன்று தடவை புதுப்பித்து வைத்திருந்தேன். பசிபிக் கடலின் நட்டநடுவில் ஒரு தீவு. கரையோரம் கல் அடுக்கிக் கட்டிய மேடைகளில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும் மூதாதையர்கள். எரிமலை விளிம்பில் ஒரு சடங்கு ஊர், அங்கே தாழ்ந்த கல்வீட்டுக்குள் தோள்வரை மண்ணில் புதைந்து நின்ற ஒருவர். அவரை நூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஒரு கப்பல் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டது. எங்கே? லண்டன் அருங்காட்சியகம் ஒன்றுக்கு. அதே லண்டனின் டூட்டிங்கில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் அரை மணித்தியாலம். அதை வாசித்தபோது நான் கட்டிலில் ஏறி நின்றுவிட்டேன். அவருடைய முதுகில் பறவைத் தலை வைத்த மனிதர்களைச் செதுக்கியிருக்கிறார்களாம். அந்த முதுகை என் கையாலேயே கொப்பியில் படமாகக் கீறாமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

இரண்டு கிழமை அம்மாவை அரித்தேன். வழக்கு முடியட்டும் என்பதுதான் எல்லாவற்றுக்கும் பதில். ஒருநாள் அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது கடைசி முயற்சியாகச் சொன்னேன்.

“அவர் சும்மா சிலை இல்லை அம்மா. அந்தத் தீவு ஆக்களுக்கு உயிருள்ள ஆள். தன்ரை ஆக்களைப் பாத்துக்கொள்ளுவாராம்.”

“எப்ப இஞ்சை கொண்டுவந்தவங்கள்?”

“நூற்றைம்பது வருசத்துக்கு முதல்.”

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். “அப்ப இவ்வளவு காலமும் ஆளைத் திருப்பி அனுப்பேல்லையோ?”

“இல்லை. இஞ்சைதான் நிக்கிறார்.”

“சனிக்கிழமை போவம்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அங்கை தென்னை நிக்குதோ?” என்று கேட்டார். படத்தில் சிலைகளுக்குப் பின்னால் நிற்கிறது என்றேன். இந்த ஆர்வம் எனக்குப் பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை மாமாவையும் கூட்டிக்கொண்டு போனோம். அருங்காட்சியக வாசலில் பைகளைச் சோதித்தார்கள். அம்மாவின் பைக்குள் பேப்பரில் சுற்றிய முழுத் தேங்காய். காவலர் அதை உருட்டிப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் என் பொறுப்பு. மத்தியானச் சாப்பாடு என்றேன். எப்படி உடைப்பீர்கள் என்று அவர் கேட்டார்.

“என்ரை மண்டையிலை எண்டு சொல்லு மருமோள்” என்றார் மாமா.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. பையை விட்டு வெளியே எடுக்கக்கூடாது என்று சொல்லி உள்ளே விட்டார்கள்.

அவர் நின்றார். புத்தகத்தில் என் உள்ளங்கையளவு இருந்தவர், அங்கே மாமாவை அண்ணாந்து பார்க்க வைத்தார். நாலு தொன் எடையுள்ள கறுத்தக் கல். தடித்த புருவம், நீண்ட காது, யாரோடோ கோபித்துக்கொண்டது போல முன்தள்ளிய வாய். நான் கொப்பியைத் திறந்தேன்.

“மேசன் வேலை சுத்தமாச் செய்திருக்கிறாங்கள்” என்றார் மாமா. “இவருக்கு என்ன விசாவாம்?”

“வாயை மூடு தம்பி” என்று சொல்லிவிட்டு அம்மா சப்பாத்தைக் கழற்றினார். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிலையை வலமாகச் சுற்றத் தொடங்கினார். படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நான் கொப்பியோடு பின்னால் ஓடினேன். முதல் சுற்றில் இடப்பக்கப் பறவை மனிதன், இரண்டாவதில் வலப்பக்கத்தவன், மூன்றாவதில் இருவருக்கும் மேலே நின்ற சின்னப் பறவை. அம்மா முன்னால் வந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மாமா பகிடி ஒன்றும் விடாமல் தொப்பியைக் கழற்றினார்.

நான் கீறுவதைப் பார்த்த ஊழியப் பெண் ஒருவர் குனிந்து எனக்குப் புதினம் ஒன்று சொன்னார். தீவிலிருந்து ஆட்கள் வந்தார்களாம். இவருக்கு முன்னால் நின்று அழுதார்களாம். ஊருக்குத் தரச்சொல்லிக் கேட்டார்களாம். இன்னும் கொடுக்கவில்லையாம். புத்தகத்தில் இல்லாத செய்தி. நான் அம்மாவிடம் பறந்தேன்.

“அம்மா, இவரை ஊருக்கு வரச்சொல்லிக் கேக்கினமாம். இவங்கள் விடமாட்டாங்களாம்.”

அம்மா கண்ணைத் திறந்தார். “இதை முதலே சொல்லக்கூடாதே, பிள்ளை?”

“ஏன்?”

“விருப்பப்பட்டு நிக்கிறார் எண்டெல்லே நினைச்சன். அவரிட்டப் போய்த் தம்பி இஞ்சை நிக்கவேணும் எண்டு கேட்டுப்போட்டன்.”

பிறகு மறுபடியும் நடக்கத் தொடங்கினார்.

“அக்கா, மூண்டு முடிஞ்சுது” என்றார் மாமா.

“இது உனக்கில்லை. அவருக்கு.”

அந்த நாலாவது சுற்றில்தான் இரண்டு பறவை மனிதர்களின் கைகளையும் கீறி முடித்தேன்.

வழக்கு நடந்து மூன்று கிழமையில் கடிதம் வந்தது. மாமா இருக்கலாம். குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் காத்திருந்த தேங்காயை அம்மா வாசல் படியில் உடைத்தார். நல்ல வெள்ளை. மாமா படியிலேயே இருந்து ஒரு பாதியைத் துருவத் தொடங்கினார். பின்னேரம் அம்மா கடையிலிருந்து இன்னொரு தேங்காய் வாங்கிவந்து அதே இடத்தில் வைத்தார். இது யாருக்கு என்று கேட்டேன். “அவரின்ரை கடிதம் வரட்டும்” என்றார். பழுதாவதற்கு முன் கறிக்கு எடுத்துவிட்டு இன்றுவரை புதிதாக ஒன்றை வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. முதுகின் படத்துக்குக் கீழே, அந்தச் சனிக்கிழமைத் தேதியில், வட்டமான எழுத்தில் எழுதியிருக்கிறேன்: “அம்மா ஒரு ஆளை அனுப்பவேண்டாம் எண்டு கேக்கிறா. மற்ற ஆளை அனுப்பச் சொல்லிக் கேக்கிறா. ஏதாவது ஒரு முடிவுக்கு வரவேணும்.”