தள்ளிவிட்டால் நிற்காத வண்டி

என் அத்தான் கிருபைராஜைப் பற்றிச் சபையில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷர் என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் ஒருவராவது அவருடைய காரைப் பின்னால் நின்று தள்ளியிருப்பாரா என்பது சந்தேகம். தள்ளியவன் நான். சாலோமி அக்காவை அவருக்குக் கட்டிக்கொடுத்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மச்சினன் என்ற உறவுக்கு அந்த வீட்டில் அன்றிலிருந்து ஒரே பொருள்தான். பேட்டரி இறங்கிவிட்டால் கூப்பிட வேண்டிய ஆள்.

கார் ஒரு பழைய பியட். பாலாடை நிறம். அத்தான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தபோது, களக்காட்டில் தன் பங்குக்கு வந்த வாழைத் தோட்டத்தை விற்று ஒரு டாக்டரிடமிருந்து அதை வாங்கினார். அப்போதே அது இன்னொருவர் ஓட்டித் தேய்த்த வண்டி. அந்தத் தோட்டத்து வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அக்கா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள். அத்தானின் அண்ணன் தம்பிகள் அங்கே தங்கள் பங்கில் வீடு கட்டி, கிணறு வெட்டி, மோட்டார் போட்டு நன்றாக இருக்கிறார்கள். அத்தானிடம் பியட் இருக்கிறது.

காரைச் செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதன் வயதுக்கு மனுஷனே மாத்திரை போடாமல் எழுந்திருப்பதில்லை. என் கோபமெல்லாம் அதை வைத்திருப்பவர்மேல்தான். குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருகிற நாளில் வீட்டுக் குடம் நிறைவதற்கு முன்னால் கார் குளித்து முடித்திருக்கும். மழை பெய்தால் முதலில் ஷெட் ஒழுகுகிறதா என்று பார்ப்பார், அப்புறம்தான் வீடு. அக்காவின் கல்யாணத்துக்கு வந்த நல்ல கம்பளி மார்கழி முழுக்க கார் பானெட்டின்மேல் கிடக்கும். ஸ்டியரிங்கை வேறு யாரையும் தொட விடமாட்டார். எனக்கு லைசென்ஸ் இருக்கிறது, வண்ணார்பேட்டையில் கடை வைத்திருக்கிறேன், ஊரில் நாலு பேர் என்னை நம்பிக் கடன் கொடுக்கிறார்கள். அத்தானைப் பொறுத்தவரை நான் பின்பக்கத்து ஆள்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. தள்ளி எஞ்சின் பிடித்துவிட்டால் அவர் நிறுத்த மாட்டார். ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். தள்ளின இடத்திலிருந்து நான் வெயிலில் நடந்து வர வேண்டும். வந்து சேர்ந்தால் அக்கா மோர் கொடுப்பாள். அத்தான் சாய்வு நாற்காலியில் இருந்தபடி, "கோவிச்சுக்கிடாத மாப்ளே. நிறுத்துனா நின்னுரும்லா" என்பார். எத்தனையோ வருஷமாக இதே வார்த்தைதான்.

ஆனால் சபையில் கல்யாணம் என்றால் அந்த வண்டிதான் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கோயிலுக்குக் கொண்டுபோகும். வாடகை வாங்க மாட்டார். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு தானே ஓட்டுவார். பூ அலங்காரம் செய்கிறவர்கள் டேப் ஒட்டக்கூடாது, பெயிண்ட் உரிந்துவிடும், நூலால்தான் கட்ட வேண்டும். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே நூல் கட்டுவார்கள். என் கல்யாணத்துக்கும் அதே கார்தான். ஐகிரவுண்டு பக்கம் நின்றுபோனது. கோட்டும் சூட்டுமாக, கழுத்தில் மாலையோடு, தன் கல்யாணக் காரைத் தானே தள்ளிய மாப்பிள்ளை பாளையங்கோட்டையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அன்றைக்கும் அவர் நிறுத்தவில்லை. மணப்பெண் பிரிஸில்லா கோயில் வாசலில் இறங்கி நிற்கிறாள், நான் வியர்த்து விறுவிறுத்து ஒரு ஆட்டோவில் பின்னால் போய்ச் சேர்ந்தேன். அவள் அதை இன்னும் மறக்கவில்லை, என்னையும் மறக்க விடுவதில்லை.

போன வருஷம் அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. பெங்களூரில் இருக்கும் மகள் ஜெனோ, உயரமான இருக்கை உள்ள ஒரு சின்னக் கார் வாங்கித் தருகிறேன், பழையதைக் கொடுத்துவிடுங்கள் என்று போனில் கெஞ்சினாள். ஷெட்டில் ஒரு வண்டிக்குத்தான் இடம். அத்தான் பெங்களூரில் மழையா என்று கேட்டார்.

அக்காவின் காலுக்குப் பயிற்சி கொடுக்கிற இடம் குலவணிகர்புரம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். தள்ளுவதற்கு ஆள் வேண்டுமே என்று என்னையும் கடையைப் பூட்டச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போவார். ஒரு நாள் திரும்பி வரும்போது, கேட் திறந்ததும் இரண்டு பக்கமும் வண்டிகள் முட்டி மோதிக்கொண்டு நகர்ந்தன. எங்கள் வண்டி தண்டவாளத்தின்மேல் ஏறியது. அங்கே அணைந்துவிட்டது.

முன்னால் போனவர்கள் போய்விட்டார்கள். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கேட்டை மறுபடி மூடுவதற்கு மணி அடிக்க ஆரம்பித்தது. கேட் கீப்பர் சிவப்புக் கொடியோடு ஓடி வந்தார். நான் குதித்து இறங்கி முதலில் அக்கா பக்கத்துக் கதவைத் திறக்கப் பார்த்தேன். அந்தக் கதவு உள்ளே இருந்து திறக்காது. வெளியே இருந்து ஓர் இடம் பார்த்துத் தட்டினால் திறக்கும். அன்றைக்கு எந்த இடத்தில் தட்டியும் திறக்கவில்லை. நகர்ந்து அடுத்த கதவுக்குப் போக அக்காவுக்குக் கால் மடங்காது. அவள் கண்ணாடிக்குப் பின்னால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் எங்கேயோ தூரத்தில்தான் வந்திருக்கும். அது அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

அப்போதுதான் அத்தான் சத்தமாக ஜெபம் செய்தார். நானும் கேட்டேன், அக்காவும் கேட்டாள். "ஆண்டவரே, இவள மட்டும் பத்திரமா அந்தப் பக்கம் சேத்துரும். இந்த வண்டிய உமக்கே குடுத்துருதேன்."

நான் தள்ளினேன். ஒரு லோடு ஆட்டோக்காரரும் வந்து தோள் கொடுத்தார். எஞ்சின் பிடித்தது. கர்த்தர் ஜெபத்தைக் கேட்டார் என்று அத்தான் இன்றுவரை சாட்சி சொல்கிறார். கேட்டிருக்கலாம். முதுகு என்னுடையது. எஞ்சின் பிடித்ததும் அவர் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? கையை வெளியே நீட்டி ஆட்டிவிட்டுப் போய்விட்டார். கேட்டிலிருந்து சமாதானபுரம் வீடு வரைக்கும் நான் நடந்து வந்தேன்.

வீட்டில் அக்கா மோர் கொடுக்கவில்லை. அத்தானைப் பார்த்து, "பொருத்தனை பண்ணினத குடுத்துருங்க" என்றாள்.

"குடுத்துருதேன்னுதான சொன்னேன் சாலோமி. இன்னைக்கேன்னு சொல்லலியே."

அடுத்த வாரம் வேறு விளக்கம் வந்தது. சபைக் கல்யாணத்துக்கெல்லாம் போகிற வண்டி, அது ஏற்கெனவே ஆண்டவருடைய வண்டிதானே என்றார். அதற்கடுத்த வாரம், ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலி கொடுக்கக் கொண்டுபோனார், கடைசியில் ஆண்டவர் வேண்டாம் என்று சொல்லவில்லையா என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பைபிளைப் பிடுங்கி ஒளித்து வைக்கலாம் போல இருந்தது.

அக்கா வாதாடவில்லை. எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயர் வீடு சந்திக்க வந்தபோது காப்பி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, "ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்துக்கு இவுக வண்டிய குடுக்காக ஐயா" என்றாள். ஐயர் எழுந்து நின்று அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அறிவிப்பும் வாசித்தாகிவிட்டது. எங்கள் ஊரில் பத்திரப்பதிவைக்கூட மாற்றிவிடலாம், கோயில் அறிவிப்பை மாற்ற முடியாது.

ஸ்தோத்திரப் பண்டிகை என்பது விளைச்சலுக்கு நன்றி சொல்கிற நாள். சபையார் கொண்டுவந்ததையெல்லாம் ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் ஏலம் போடுவார்கள். வாழைத்தார், பூசணிக்காய், சேவல், கேக். அதில் ஒரு வழக்கம் உண்டு. ஏலத்தில் எடுத்தவர் அந்தப் பொருள் தனக்கு வேண்டாமென்றால் மறுபடி காணிக்கையாகவே கொடுத்துவிடுவார். அது திரும்ப ஏலத்துக்கு வரும். ஒரே எலுமிச்சம்பழம் கைமாறிக் கைமாறி ஒரு மூட்டை அரிசி விலைக்குப் போன கதையெல்லாம் உண்டு. ஆனால் கொடுத்தவரே திரும்ப எடுப்பது மட்டும் மரியாதை இல்லை என்று ஐயர் அத்தானிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

வேப்ப மரத்தடியில் பியட் நின்றது. அத்தான் அதைக் கல்யாணத்துக்குக் கொண்டுவருவது போலத் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். ஏலம் விட்டவர் எஸ்றா அண்ணாச்சி. ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார், மைக் தேவைப்படாத குரல். முதலில் கேட்டது அந்தக் காரில் கல்யாணத்துக்குப் போன ஒரு தம்பதி. மூன்று தரம் சொல்லி முடிந்ததும் கணவன் அத்தானின் முகத்தைப் பார்த்தான். "அண்ணாச்சி, திருப்பிக் குடுத்துருதோம்" என்றான். அடுத்து இன்னொரு ஜோடி எடுத்தது. அவர்களும் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு ரிட்டயர்டு டீச்சர். காணிக்கைப் பெட்டி நிறைந்துகொண்டே போனது, கார் இருந்த இடத்திலேயே இருந்தது. எல்லோரும் அதை அன்பு என்கிறார்கள். பாதி அன்பு. மீதி, அந்த வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன கதி என்ற பயம்.

எத்தனை நேரம் இது நடக்கும். வெயில் ஏறியது. சபையாரின் பையும் காலியானது. எஸ்றா அண்ணாச்சி கடைசியாகக் கூப்பிட்டபோது கூட்டத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. பின்னால் நின்றிருந்த ஆவுடைநாயகம் மட்டும் ஒரு விலை சொன்னார். வண்ணார்பேட்டையில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறவர், என் கடைக்கு எதிர்க்கடை. டிக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நான் உள்ளதச் சொல்லிருதேன். உடைக்கதுக்குத்தான் கேக்கேன். திருப்பில்லாம் குடுக்க மாட்டேன்" என்றார். நேர்மையான மனிதர்.

"ஒரு தரம்" என்றார் எஸ்றா அண்ணாச்சி.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. சொல்லப்போனால் கை தட்டியிருப்பேன். முதுகில் சுருக்கென்று எதுவோ குத்தியது. திரும்பினால் அக்கா, நாற்காலியில் உட்கார்ந்தபடி கைத்தடியை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"லே மெர்வினு. கேளுலே."

"நீதான அக்கா குடுக்கச் சொன்ன."

"வீட்ட விட்டுப் போவட்டும்னு சொன்னேன். உடைக்கச் சொல்லலியே. கேளுலே."

இவளும் அவரைப் போலவே பேசக் கற்றுக்கொண்டுவிட்டாள். இரண்டாம் தரமும் சொல்லியாகிவிட்டது. நான் கேட்டுத் தொலைத்தேன். ஆவுடைநாயகம் என்னைப் பார்த்து, "உமக்கு எதுக்குவே இது" என்று கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

"மெர்வின் திருப்பிக் குடுக்காரா?" என்றார் எஸ்றா அண்ணாச்சி. கொடுத்திருக்கலாம். வழக்கம் இருக்கிறது, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அத்தான் என்னைப் பார்க்கவேயில்லை. யாரோ பானெட்டின்மேல் பூசணிக்காய் வைத்திருந்தார்கள். அதைப் பூப்போல எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அது இருந்த இடத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷர்மேல் எனக்கு எவ்வளவு கோபமோ அவ்வளவு பிரியமும் உண்டு, அதுதான் என் தலைவிதி.

"வீட்டுக்குத்தான் கொண்டுபோறேன்" என்றேன். பிரிஸில்லா என்னிடம் அன்று சாயங்காலம் வரை பேசவில்லை.

அத்தான் வீட்டு ஷெட்டில் இப்போது ஜெனோ வாங்கிக் கொடுத்த கார் நிற்கிறது. அக்கா சிரமமில்லாமல் ஏறுகிறாள், இறங்குகிறாள். எல்லாக் கதவும் உள்ளே இருந்தே திறக்கின்றன. சத்தமே வரமாட்டேங்குதே, ஓடுதா இல்லையான்னு எப்படித் தெரியும் என்று அத்தான் குறைப்படுகிறார். பியட் பக்கத்துத் தெருவில் என் வீட்டு வாசலில் நிற்கிறது. காலையில் நான் பல் தேய்ப்பதற்குள் துணியும் வாளியுமாக வந்துவிடுகிறார். எங்கள் வீட்டுக் குடமும் இப்போது கார் குளித்த பிறகுதான் நிறைகிறது.

போன சனிக்கிழமை சபையில் ஒரு கல்யாணம். வண்டியைக் கேட்டிருந்தார்கள், கேட்காமல் இருப்பார்களா. அத்தான் சாவியை என் கையில் கொடுத்து, "உன் வண்டி. நீதான் ஓட்டணும்" என்றார். முதல் தடவையாக அந்த ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினேன். முக்கி முனகியது, அவ்வளவுதான்.

"செகண்டுல போடு. கிளட்ச பைய விடு" என்று சொல்லிவிட்டு அத்தான் பின்னால் போனார். கண்ணாடியில் பார்த்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, டிக்கியில் இரண்டு கை. எழுபது வயது தாண்டிய மனுஷர். தெருமுனை வருவதற்குள் எஞ்சின் பிடித்துவிட்டது.

எத்தனை வருஷமாக இந்த நிமிஷத்துக்காகக் காத்திருந்தேன். கையை வெளியே நீட்டி ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்திருக்க வேண்டும். அவர் வெயிலில் நடந்து வந்திருக்க வேண்டும். கண்ணாடியில் அவர் நடுத்தெருவில் குனிந்து, முழங்காலில் கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

நான் நிறுத்தினேன். தலையை வெளியே நீட்டி, "வாங்க அத்தான், ஏறுங்க" என்றேன்.

எஞ்சின் அணைந்துவிட்டது.

அவர் பைய நடந்து வந்து ஜன்னலில் கை வைத்துக்கொண்டு நின்றார். "ஒனக்கு எத்தன தடவ சொல்லிருக்கேன் மாப்ளே. நிறுத்துனா நின்னுரும்லா" என்றார். அப்புறம் மறுபடி பின்னால் போனார்.